பீத்தோவன், மணலி, ஒரே ஒரு மெட்டு

இந்த எபிசோடுல ஒரே இசையை வேற வேற ஆட்கள் வாசிச்ச ஒலிப்பதிவுகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்கப் போறோம். வியன்னாவுல ஆரம்பிச்சு மணலியில வந்து முடிப்போம். ஆமா, நம்ம மணலிதான். திருவொற்றியூருக்கு மேற்கே, இன்னைக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற அதே மணலி. ரெண்டு ஊருக்கும் என்ன சம்பந்தம்னு போகப் போகச் சொல்றேன்.

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. பீத்தோவனோட அஞ்சாவது சிம்பொனின்னு ஸ்ட்ரீமிங் ஆப்ல தேடுங்க. நூத்துக்கணக்குல வந்து நிக்கும். எல்லாத்துக்கும் ஒரே பேரு, ஒரே ஸ்கோர், ஒரே நோட்டு. அப்புறம் எதுக்கு இத்தனை பேர் திரும்பத் திரும்ப ரெக்கார்ட் பண்ணாங்க?

வடசென்னைக்காரங்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஒரே கானாப் பாட்டை ரெண்டு பேர் பாடினா, எவர் எங்க இழுக்கிறார், எங்க நிறுத்துறார், எங்க ஜனங்களைப் பார்த்துத் தலையாட்டிட்டு அடுத்த வரிக்குப் போறார்னு நமக்கு உடனே தெரியும். "அவர் பாடினா வேற மாதிரிப்பா"ன்னு சொல்லுவோம். சிம்பொனி ஒலிப்பதிவுகளை ஒப்பிடுறதும் அதே காதுதான். புதுசா ஒரு காது வாங்க வேண்டியதில்லை.

அஞ்சாவது சிம்பொனி 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் அரங்கேறியது. அதோட ஆரம்பம் உலகத்துக்கே தெரியும். மூணு குட்டி நோட்டு, ஒரு நீளமான நோட்டு. ஆனா அது மௌனத்துல ஆரம்பிக்குதுங்கிறது பல பேருக்குத் தெரியாது. ஸ்கோர்ல முதல்ல இருக்கிறது ஒரு சின்ன இடைவெளி. தாளம் விழுந்த பிறகுதான் அந்த மூணு நோட்டும் வருது. நம்ம கச்சேரி பாஷையில இதுக்கு அனாகத எடுப்புன்னு பேரு. தாளத்தைத் தட்டிட்டு, கொஞ்சம் இடம் விட்டு எடுக்கிறது. அந்த இடைவெளியைக் கண்டக்டர் கையை அசைச்சுத்தான் காட்டணும். ஒலிப்பதிவுல அதைக் கேட்க முடியாது. ஆனா அது சரியா விழுந்துச்சான்னு அடுத்து வர்ற மூணு நோட்டு சொல்லிடும்.

அப்புறம் அந்த நீளமான நோட்டு. அதுக்கு மேல ஒரு குறி போட்டிருக்கார் பீத்தோவன். "இங்க நில்லு"ன்னு அர்த்தம். எவ்வளவு நேரம் நிக்கணும்? அதை அந்தக் குறி சொல்லாது. ரெண்டாவது தடவை அதே உருவம் வரும்போது கடைசி நோட்டை ஒரு பார் கூடுதலா நீட்டியே எழுதியிருக்கார். அதாவது, ரெண்டாவது நிறுத்தம் முதல் நிறுத்தத்தைவிட நீளமா இருக்கணும். கண்டக்டர் இதைக் கவனிச்சாரா இல்லையா? எந்த ஒலிப்பதிவை எடுத்தாலும் முதல் பத்து செகண்டுக்குள்ள கண்டுபிடிச்சிடலாம்.

வேகத்துக்கும் ஒரு கதை இருக்கு. மெல்ட்சல்னு ஒருத்தர் மெட்ரோனோம் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். டிக் டிக்னு தாளம் சொல்ற பெட்டி. பீத்தோவன் 1817ல, அதுவரைக்கும் எழுதியிருந்த எட்டு சிம்பொனிக்கும் அந்தப் பெட்டியோட கணக்குப்படி வேகம் குறிச்சு வெளியிட்டார். அஞ்சாவது சிம்பொனியோட முதல் பகுதிக்கு நிமிஷத்துக்கு 108 அடி. ரொம்ப வேகம். "இவ்வளவு வேகமா வாசிக்கவே முடியாது, அவரோட மெட்ரோனோம் கெட்டுப்போயிருக்கும்"னு சொன்னவங்ககூட உண்டு. இந்த மெல்ட்சல் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னொரு தடவை வருவார்.

இப்போ நாலு ஒலிப்பதிவுகள்.

ஒண்ணு, ஆர்தர் நிகிஷ், பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1913. இந்த சிம்பொனியை முழுசா பதிவு பண்ண ஆரம்ப முயற்சிகள்ல ஒண்ணு. அப்போ மைக் கிடையாது. எல்லாரும் ஒரு பெரிய புனலுக்கு முன்னாடி நெருக்கியடிச்சு உட்கார்ந்து வாசிக்கணும். இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்குச் சுமார் நாலு நிமிஷம்தான் இடம். அதனால முழு சிம்பொனியும் எட்டுத் துண்டு. கேட்கும்போது கீறல் சத்தத்துக்கு நடுவுல தேட வேண்டியிருக்கும். ஆனா நிகிஷ் வேகத்தை எவ்வளவு சுதந்திரமா வளைக்கிறார்னு அப்பவும் தெரியும்.

ரெண்டு, வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லர், அதே பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1947 மே. போர் முடிஞ்சு நகரமே இடிஞ்சு கிடக்கு. நாஜி ஆட்சிக் காலத்துல ஜெர்மனியிலேயே தங்கியிருந்து வாசிச்சதால, விசாரணை முடியுற வரைக்கும் அவரை மேடையேற விடலை. விசாரணை முடிஞ்சு திரும்பி வந்து நடத்தின கச்சேரி இது. அந்த நிறுத்தக் குறியில அவர் நிக்கிற நிலையைக் கேளுங்க. கனமா, நீளமா, அடுத்து என்ன வரும்னே தெரியாத மாதிரி. 108 பக்கமே அவர் போகலை.

மூணு, கார்லோஸ் க்ளைபர், வியன்னா ஃபில்ஹார்மோனிக், 1974. இறுக்கமா, வில்லுல இருந்து விட்ட அம்பு மாதிரி ஓடும். எங்கேயும் உட்கார மாட்டார். நண்பர்களுக்கு முதல்ல ஒண்ணே ஒண்ணு கேட்கக் கொடுக்கணும்னா நான் இதைத்தான் கொடுப்பேன்.

நாலு, ஜான் எலியட் கார்டினர், 1994ல வந்த தொகுப்பு. பீத்தோவன் காலத்து வாத்தியங்கள், இல்லைன்னா அதே மாதிரி செஞ்ச வாத்தியங்கள். சுருதியும் இன்னைக்கு இருக்கிறதைவிடக் கொஞ்சம் கீழே. மெட்ரோனோம் கணக்கை நம்பி வாசிக்கிறாங்க. வாசிக்கவே முடியாதுன்னு சொன்ன வேகத்துல வாசிச்சுக் காட்டுறாங்க.

இந்த நாலையும் கேட்டா மூணு விஷயம் புரியும். ஸ்கோர் சொல்றது பாதிதான், மீதியை வாசிக்கிறவர் நிரப்புறார். ரெக்கார்ட் பண்ற மெஷினும் ஒரு ஆள் மாதிரி உள்ள புகுந்து வேலை பார்க்குது. அப்புறம் அந்தக் காலம், அந்த ஊர், அந்த நகரத்தோட நிலைமை, இதெல்லாம் சத்தத்துல ஒட்டிக்கிட்டு வருது.

மெஷின் விஷயம் நமக்கும் நடந்ததுதான். கிராமபோன் கம்பெனி 1900களோட தொடக்கத்துல மெட்ராஸுக்கு வந்து பதிவு பண்ணப்போ, கோயம்புத்தூர் தாயி மாதிரியான பாடகிகள் கச்சேரியில விஸ்தாரமா பாடுறதை மூணு, நாலு நிமிஷத்துக்குள்ள அடக்க வேண்டியிருந்தது. பெர்லின்ல சிம்பொனியைத் துண்டு போட்டாங்க. மெட்ராஸ்ல ஆலாபனையைச் சுருக்கினாங்க. ரெண்டு ஊர்லயும் கத்தரிக்கோல் ஒண்ணுதான்.

இனி மணலிக்கு வருவோம்.

பீத்தோவன் பிறந்தது 1770. முத்துஸ்வாமி தீட்சிதர் பிறந்தது 1775. பீத்தோவன் இறந்தது 1827. தீட்சிதர் இறந்தது 1835. சமகாலத்து ஆட்கள். நம்ம பாடப்புத்தகம் ஒருத்தரை "மேற்கத்திய இசை"ன்னு ஒரு பெட்டியிலயும், இன்னொருத்தரை "மும்மூர்த்திகள்"னு இன்னொரு பெட்டியிலயும் போட்டு வச்சதால, இவங்க ரெண்டு பேரும் ஒரே வருஷங்கள்ல மூச்சு விட்டாங்கங்கிறதே நமக்குத் தோணுறதில்லை.

மணலி முத்துகிருஷ்ண முதலியார் ஆளுநர் பிகாட்டுக்கு துபாஷாக இருந்தவர். துபாஷ்னா ரெண்டு மொழி தெரிஞ்சவர். கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவுல நின்னு பேசி, வியாபாரம் பார்த்து, பெரும் பணம் சேர்த்தவங்க இவங்க. இராம நாடகம் எழுதின அருணாசலக் கவிராயரை ஆதரிச்சவர்களில் இவரும் ஒருவர். திருவாரூர்ல இருந்த ராமஸ்வாமி தீட்சிதரை, அதாவது முத்துஸ்வாமி தீட்சிதரோட அப்பாவை, மணலிக்கு அழைச்சதும் இவர்தான். குடும்பமே வந்து தங்கிச்சு. அவருக்குப் பிறகு அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் ஆதரவைத் தொடர்ந்தார்.

துபாஷ் வீடுன்னா கோட்டையோட தொடர்பு இருக்கும். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில பேண்டு இருந்தது. அந்த இசை தீட்சிதர் சகோதரர்கள் காதுல விழுந்துச்சு. கடைசித் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதருக்கு வயலின் மேல ஆசை வந்தது. முதலியார் ஒரு ஐரோப்பிய வயலின்காரரை ஏற்பாடு பண்ணி மூணு வருஷம் கத்துக்க வச்சார்னு சங்கீத வரலாறு சொல்லுது. கர்நாடக சங்கீதத்துக்குள்ள வயலின் நுழைஞ்ச கதையில இது ஒரு முக்கியமான வாசல். இன்னைக்கு வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை யாராவது பார்த்திருக்கோமா?

அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் வேற ஒண்ணு பண்ணார். பேண்டு வாசிச்ச மெட்டுகளை எடுத்துக்கிட்டு அதுக்குச் சமஸ்கிருதத்துல சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வர சாகித்யம்னு பேரு. "நோட்டு"ங்கிற ஆங்கில வார்த்தை அந்தப் பேருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு பாருங்க. நாற்பதுக்குப் பக்கம் இருக்கு. ஐரிஷ் நடன மெட்டு ஒண்ணு "வந்தே மீனாக்ஷி" ஆச்சு. இங்கிலீஷ் மீடியம் எல்.கே.ஜி. பிள்ளைங்க நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடுற அந்த மெட்டு "சியாமளே மீனாக்ஷி" ஆச்சு. "காட் சேவ் த கிங்", அதாவது இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துற கீதம், "சந்ததம் பாஹிமாம்" ஆச்சு. ராஜா இருந்த இடத்துல சங்கீத தேவதை சியாமளா வந்து உட்கார்ந்துட்டா.

இங்கதான் நம்ம ரெண்டு ஊரும் ஒண்ணு சேருது. அதே "காட் சேவ் த கிங்" மெட்டை பீத்தோவனும் எடுத்தார். 1803ல பியானோவுக்கு அதை வச்சு ஏழு வேரியேஷன் எழுதினார். அப்புறம் 1813ல "வெலிங்டனின் வெற்றி"னு ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு.

அந்த வெலிங்டன் யாருன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். ஆர்தர் வெல்லெஸ்லி. 1798 செப்டம்பர்ல மெட்ராஸ் வந்து இறங்கினவர். கோட்டைக்குள்ள அவர் தங்கின வீடு வெல்லெஸ்லி ஹவுஸ்ங்கிற பேர்ல பாதி இடிஞ்சு நிக்குது. 1799ல திப்பு சுல்தானுக்கு எதிரா ஸ்ரீரங்கப்பட்டணம் போன படையில இருந்தவர். 1805ல மெட்ராஸ்ல இருந்துதான் கப்பலேறித் திரும்பிப் போனார். அதே ஆள் 1813ல ஸ்பெயின்ல, வித்தோரியாங்கிற இடத்துல பிரெஞ்சுப் படையைத் தோற்கடிச்சார். அதைக் கொண்டாடித்தான் பீத்தோவன் எழுதினார். எழுதச் சொல்லிக் கேட்டது யாரு? மெல்ட்சல். மெட்ரோனோம்காரர். அவர்கிட்ட ஒரு தானியங்கி இசை இயந்திரம் இருந்தது, ஒரு பேண்டையே உள்ள அடக்கின பெட்டி. முதல்ல அந்த மெஷினுக்காகத் திட்டமிட்டதுதான் பிறகு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வந்துச்சு. ஒலிப்பதிவுக் கருவி வர்றதுக்கு அறுபது வருஷத்துக்கு மேல முன்னாடியே, மனுஷன் இல்லாம இசை வாசிக்கிற ஆசை வந்துடுச்சு.

இந்தப் படைப்புக்கு ரெண்டு பகுதி. முதல் பகுதி போர். ரெண்டு படையும் ரெண்டு பக்கத்துல இருந்து முரசடிச்சு வரும், துப்பாக்கிச் சத்தம், பீரங்கிச் சத்தம். எந்தப் பீரங்கி எங்க வெடிக்கணும்னு பீத்தோவனே ஸ்கோர்ல குறிச்சு வச்சிருக்கார். ரெண்டாவது பகுதிக்கு அவர் வச்ச பேரே வெற்றி சிம்பொனி. அதுலதான் நம்ம மெட்டு வருது.

ஒலிப்பதிவுல ரெண்டைக் கேளுங்க. அந்தால் டொராட்டி, லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, 1960. இதுல நிஜப் பீரங்கிச் சத்தம். அமெரிக்காவுல வெஸ்ட் பாயிண்ட்ல தனியாப் பதிவு பண்ணி இசையோட சேர்த்தாங்க. ஸ்டீரியோ புதுசா வந்த காலம். இடது காதுல ஒரு படை, வலது காதுல ஒரு படைன்னு காட்டுறதுல அவங்களுக்கு ஒரு சந்தோஷம். இன்னொண்ணு ஹெர்பர்ட் ஃபான் கராயன், பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1969. இதுல தந்தி வாத்தியங்களோட பளபளப்புதான் முன்னால நிக்குது. டொராட்டி உங்களைப் போர்க்களத்துல நிறுத்துறார். கராயன் அரண்மனை பால்கனியில உட்கார வைக்கிறார்.

ரெண்டுலயும் பீரங்கி முடிஞ்சு, வெற்றி சிம்பொனியில "காட் சேவ் த கிங்" வர்ற இடத்துக்குப் போங்க. முதல்ல மெதுவா, பணிவா வரும். கடைசியில பீத்தோவன் அதைத் துண்டு துண்டா உடைச்சு, ஒரு வாத்தியம் ஆரம்பிக்க இன்னொண்ணு துரத்துற மாதிரி ஓட விடுவார். ஒரே நேரத்துல பல குரல். அதுதான் அவர் அந்த மெட்டுக்குச் செஞ்ச வேலை.

இப்போ "சந்ததம் பாஹிமாம்" போடுங்க. தீட்சிதர் நேர் எதிரா ஒரு வேலை செஞ்சார். ஹார்மனியைக் கழட்டிட்டு, ஒத்தை இழையா மெட்டை மட்டும் எடுத்தார். சங்கராபரண ஸ்வரங்கள், மூணு எண்ணிக்கைத் தாளம். மெட்டைப் பெருசா வளைக்கலை. கீர்த்தனைகள்ல அவ்வளவு நுணுக்கமா கமகம் வச்சவர், இங்க கமகமே இல்லாம விட்டார். அவருக்கு வைக்கத் தெரியாதா என்ன? அந்த மெட்டு எந்த மாதிரி மெட்டுன்னு காது கொடுத்துக் கேட்டு, அதோட நடையிலேயே நடக்க விட்டார்.

இதோட ஒலிப்பதிவுகளை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியது இந்த ஒரே இடம்தான். பாடுறவர் நோட்டை நேரா நிறுத்துறாரா, இல்லை காந்தாரத்துலயும் நிஷாதத்துலயும் கொஞ்சம் அசைச்சுச் சங்கராபரண வாசனை காட்டுறாரா? பல வருஷம் கர்நாடக சங்கீதம் பாடின குரலுக்கு அசையாம நிக்கிறது கஷ்டம். ஃபுர்ட்வாங்லர் 108ஐ விட்டு விலகினது மாதிரி, இதுவும் ஒரு முடிவு. தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது முடிவுன்னு நமக்குக் காதுல பிடிபடணும்.

மூணாவதா ஒரு வழியும் இருக்கு. அமெரிக்காவுல சின்சினாட்டியில இருக்கிற இசையமைப்பாளர் கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரன், "விஸ்மயா"ங்கிற தொகுப்புல நோட்டுஸ்வரங்களைப் பிள்ளைகளைப் பாட வச்சு, மேற்கத்திய வாத்திய இசையோட சேர்த்துப் பதிவு பண்ணார். கேட்டுப் பாருங்க. மணலியில தீட்சிதர் கழட்டி வச்ச ஹார்மனி, ரெண்டு நூற்றாண்டு கழிச்சு ஒரு ஸ்டூடியோ வழியா திரும்பி வந்து சேர்ந்துக்குது.

சரி, இதுல எது "சரியான" சந்ததம் பாஹிமாம்? கோட்டை பேண்டு வாசிச்சது எந்த வேகத்துல, தீட்சிதர் பாடினது எந்த சுருதியில, அதுக்கெல்லாம் ஒலிப்பதிவு கிடையாது. தாள்லதான் தேடணும். அந்தத் தாளுக்கும் ஒரு மெட்ராஸ் கதை உண்டு. ஏ.எம். சின்னசாமி முதலியார்னு ஒரு மெட்ராஸ்காரர், கத்தோலிக்கர், 1890கள்ல நம்ம கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷன்ல எழுதி அச்சடிச்சார். அவர் கொடுத்த தூண்டுதலும் சேர்ந்துதான் பாலுஸ்வாமி தீட்சிதர் வழி வந்த சுப்பராம தீட்சிதர் 1904ல எட்டயபுரத்தில் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி"யை வெளியிட்டார். கமகத்துக்குத் தனித்தனிக் குறி போட்ட புத்தகம் அது. ஐரோப்பிய ஸ்கோர்ல இல்லாததை எழுத்துல பிடிக்க நம்ம ஆட்கள் செஞ்ச முயற்சி. அதுக்குப் பிறகும் பாடுறவங்க வேற வேற மாதிரிதான் பாடுறாங்க. குறி எவ்வளவு போட்டாலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்த மிச்ச இடத்துலதான் இசைக்கு உயிர் இருக்குன்னு நான் நம்புறேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, வடசென்னையைப் பத்திப் பேச வந்தா குத்துச்சண்டை, ஃபுட்பால், கேரம், கானா, அப்புறம் எண்ணூர்ச் சாம்பல், மணலிப் புகை. இவ்வளவுதான் பட்டியல். அதுல பல விஷயம் நமக்குப் பெருமைதான், சில விஷயம் நம்ம மேல சுமத்தினது. ஆனா "சங்கீதம்னா மயிலாப்பூர், சிம்பொனின்னா வெளிநாடு, ரெண்டும் உங்களுக்கு இல்லை"ங்கிற ஒரு தொனி அந்தப் பட்டியலுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு. வரலாறு அப்படிச் சொல்லலை. தியாகராஜர் திருவொற்றியூர் வந்து திரிபுரசுந்தரி மேல அஞ்சு கீர்த்தனை பாடினார், திருவொற்றியூர் பஞ்சரத்னம்னே அதுக்குப் பேரு. வீணை குப்பையர் பரம்பரையில வந்த தியாகய்யர், பேருக்கு முன்னாடி திருவொற்றியூரைச் சேர்த்துக்கிட்டவர். பீத்தோவன் கையில எடுத்த மெட்டை அதே காலத்துல ஒருத்தர் மணலி வீட்டுக்குப் பழக்கமான காதோட கேட்டு, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கிட்டார்.

இதுல ஒரு அரசியலும் இருக்கு. அந்த மெட்டு ஆள வந்தவங்களோட கீதம். பேண்டு ராணுவத்தோட பேண்டு. முதலியார் பணம் கம்பெனி வியாபாரத்துல வந்த பணம். இதையெல்லாம் கழுவிட்டு "ஆஹா, என்ன அழகான கலாசாரச் சந்திப்பு"ன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா கேட்டவர் வெறுமனே தலையாட்டிட்டுப் போகலை. ராஜாவை எடுத்துட்டு அம்பாளை வச்சார். வியன்னாவுல அதே மெட்டு படைத் தளபதிக்கு மாலை போட்டது. மணலியில அது பூஜை அறைக்குள்ள போயிடுச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கேட்டாத்தான் இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும். ஒப்பிட்டுக் கேட்கிறதோட பலனே இதுதான்.

இந்த வாரத்துக்கு உங்களுக்கு ஒரு வேலை. நாலே ட்ராக். அஞ்சாவது சிம்பொனியோட முதல் பகுதி, ஃபுர்ட்வாங்லர் 1947, க்ளைபர் 1974. "வெலிங்டனின் வெற்றி"யோட ரெண்டாவது பகுதி, டொராட்டி. "சந்ததம் பாஹிமாம்", உங்களுக்குக் கிடைக்கிற எந்தக் குரலா இருந்தாலும் சரி. விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல இறங்குறதுக்குள்ள பாதிக்கு மேல முடிஞ்சிடும். யார் பெரியவர்னு மார்க் போட வேண்டாம். எங்க நிக்கிறாங்க, எங்க அசைக்கிறாங்க, எதை விட்டுட்டாங்க. இந்த மூணை மட்டும் குறிச்சு வச்சு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பாலுஸ்வாமி தீட்சிதரோட வயலினைத் தொடர்ந்து எட்டயபுரம் போவோம்.